தபால்தலை வியாபாரம்: ஏலமா, கறார் விலையா?

போடிநாயக்கனூரில் ஏலத்தில் எடுக்கும் ஏலக்காய், நம் கடைக்கு வந்ததும் கறார் விலைக்குப் போகிறது. பழைய தபால்தலைகளை இணையத்தில் விற்போருக்கும் இந்த இரண்டு வழிகள்தான். 1995-இல் அமெரிக்காவில் ஏலக்கடையாகத் தொடங்கிய 'ஈபே'யில், 2000-இல் கறார் விலையும் சேர்ந்தது.

ஈபே ஏலத்தில் வாங்குபவர் தமது உச்ச விலையைப் பதிந்து வைக்கலாம். ஆனால் கொடுப்பதோ, அடுத்தவர் கேட்டதற்குச் சற்றுக் கூடுதல் மட்டுமே. நூறு டாலர் தரத் தயாராக ஒருவர் இருந்தும், போட்டிக்கு ஆள் இல்லையேல் பத்து டாலர் ஆரம்ப விலைக்கே சரக்கு கைமாறிவிடும். விலையை நிர்ணயிப்பவர் இரண்டாவது ஆள்தான்!

1856-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் தலை போன்ற அபூர்வங்களுக்குப் போட்டி என்றும் உண்டு. அதுவே நியூயார்க் ஏலத்தில் 2014-இல் சுமார் 95 லட்சம் டாலருக்கும், 2021-இல் 83 லட்சத்துக்குமே போயிற்று.

சாதாரணத் தலைகளுக்கு விலைப்பட்டியல் உண்டு. கேட்பவர் எப்போதாவது ஒருவர். அவற்றைக் கறார் விலையில் வைத்துக் காத்திருப்பதே மேல். முதல் முடங்குமே என்பீர்கள். முடங்கும்தான். ஆனால் பருப்பைப்போல் வண்டு விழாது. ஈரமும் ராமபாணப் பூச்சியும் அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.