உழைப்பின் விலை – 14: எழுதிய ஊதியமும் கைக்கு வரும் ஊதியமும்

கூலியை நிர்ணயிப்பதில் தொழிற்சங்கங்களின் கூட்டுப் பேரத்துக்கு இருந்த பங்கைச் சென்ற இதழில் இத்தொடர் ஆராய்ந்தது. தகவல் தொழில்நுட்பம், வங்கி, ஆலோசனை முதலிய துறைகளின் பெருநிறுவனங்களில் அலுவலகப் பணிக்குச் சேரும் ஒருவருக்கு அந்தக் கூட்டுப் பேரம் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. தம் ஊதியத்தை அவர் தனியொருவராக, சில தொலைபேசி உரையாடல்களிலும் ஓரிரு மின்னஞ்சல்களிலும் பேசி முடிக்க வேண்டியிருக்கிறது. அவரிடம் பேசும் மனிதவளத் துறையோ, அதே பணிக்குப் பலரிடம் பேசிய அனுபவத்தையும், அப்பணிக்கு ஒதுக்கப்பட்ட ஊதிய வரம்பின் இரு எல்லைகளையும் கையில் வைத்திருக்கிறது. தொடக்க ஊதியப் பேரத்தின் முடிவைப் பேச்சுத்திறனைக் காட்டிலும் இந்தத் தகவல் இடைவெளியே தீர்மானிக்கிறது என்பதையும், வேலை தேடுபவர் அதை எந்தெந்த இடங்களில் குறைத்துக்கொள்ள முடியும் என்பதையும் இந்த இயல் விளக்குகிறது.

சி.டி.சி. என்னும் தொகை

இந்திய நிறுவனங்கள் தரும் பணிவாய்ப்புக் கடிதத்தில் பெரிய எழுத்தில் நிற்பது சி.டி.சி. எனப்படும் தொகை. அது ஒரு பணியாளருக்காக நிறுவனம் ஓராண்டில் செய்யும் மொத்தச் செலவைக் குறிக்கிறதேயன்றி, அப்பணியாளர் பெறும் சம்பளத்தைக் குறிப்பதில்லை. அதனுள் மூன்று வகைப் பணம் கலந்திருக்கிறது. அடிப்படை ஊதியம், வீட்டு வாடகைப்படி, சிறப்புப் படி ஆகியவை மாதந்தோறும் உறுதியாக வருபவை. வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கு, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, குழுக் காப்பீட்டின் கட்டணம் ஆகியவை பின்னாளில் வருபவை, அல்லது பணமாக வராமலே போகக்கூடியவை. வேரியபிள் பே எனப்படும் மாறுபடும் ஊதியம், நிறுவனத்தின் லாபத்தையும் மேலாளரின் மதிப்பீட்டையும் பொறுத்து முழுதாகவோ குறைவாகவோ வருவது.

இவற்றுள் பணிக்கொடையின் நிலை தனியாகக் கவனிக்கத்தக்கது. 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் வகுத்த விதிப்படி, ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் ஊதியம் பணிக்கொடையாகச் சேர்கிறது. மாதத்தை 26 வேலை நாள்களாகக் கொண்டு இதைக் கணக்கிடுவதால், அது அடிப்படை ஊதியத்தில் 4.81 விழுக்காடாக அமைகிறது. நிரந்தரப் பணியாளர் ஐந்தாண்டுகள் தொடர்ந்து பணிபுரிந்தாலன்றிப் பொதுவாக இத்தொகை கிடைப்பதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வேலை மாறும் வழக்கமுள்ள துறையில் பலர் இதைப் பெறாமலே விலகுகின்றனர். எனினும் அவர்களுடைய சி.டி.சி.யில் அது ஆண்டுதோறும் எழுதப்படுகிறது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் இந்தக் கணக்கில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்துள்ளன. அடிப்படை ஊதியத்தைக் குறைவாக வைத்துப் படிகளைப் பெருக்கிக் காட்டும் பழக்கத்துக்கு எதிராக, விலக்களிக்கப்பட்ட படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டும் பகுதியும் ஊதியமாகவே கொள்ளப்படும் என்று அவை வரையறுக்கின்றன. பணிக்கொடை கணக்கிடப்படும் அடித்தளம் இதனால் பலருக்கு உயர்கிறது; குறித்த காலத்துக்கு மட்டும் நியமிக்கப்படுவோர் ஓராண்டுப் பணியிலேயே பணிக்கொடைக்கு உரிமை பெறுகின்றனர். வருங்கால வைப்பு நிதியைப் பொறுத்தவரை, 2014 செப்டம்பரில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட உச்சவரம்பின் மேல் 12 விழுக்காடு, அதாவது மாதம் 1,800 ரூபாய் மட்டும் செலுத்தும் நிறுவனங்களும் உண்டு. முழு அடிப்படை ஊதியத்தின் மேல் செலுத்தும் நிறுவனங்களும் உண்டு. இரண்டில் எது என்று கேட்டறியாமல் இரு கடிதங்களை ஒப்பிட இயலாது.

இரண்டு கடிதங்கள், ஒரு கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். ஒருவரிடம் 12 லட்சம், 10.5 லட்சம் என்று இரண்டு கடிதங்கள் இருப்பதாகக் கொள்வோம். முதல் கடிதத்தில் அடிப்படை ஊதியம் 6 லட்சம், வீட்டு வாடகைப்படி 2.4 லட்சம், மாறுபடும் ஊதியம் 1.2 லட்சம், முதலாண்டுக்கு மட்டுமான ஜாயினிங் போனஸ் 1 லட்சம், வைப்பு நிதிக்கு நிறுவனப் பங்கு 72,000, பணிக்கொடை 28,846, காப்பீடு 12,000 என்று இருந்தால், சிறப்புப் படிக்கு எஞ்சுவது 27,154 ரூபாய்தான். மாதந்தோறும் உறுதியாக வரும் தொகை ஏறத்தாழ 72,260. அதில் பணியாளரின் வைப்பு நிதிப் பங்கு 6,000 ரூபாயும் சிறிதளவு தொழில்வரியும் போனால், கைக்கு வருவது சுமார் 66,000. 12 லட்சத்தை 12-ஆல் வகுத்து மாதம் ஒரு லட்சம் என்று எண்ணியிருந்தவருக்கு, எண்ணியதில் மூன்றில் இரு பங்கே கிடைக்கிறது.

இரண்டாம் கடிதத்தில் மாறுபடும் ஊதியமும் ஜாயினிங் போனஸும் இல்லை என்றும், அடிப்படை ஊதியம் 5.25 லட்சம் என்றும், வைப்பு நிதியும் பணிக்கொடையும் காப்பீடும் முன்சொன்ன முறையிலேயே கணக்கிடப்படுகின்றன என்றும் கொண்டால், உறுதியான மாதத் தொகை ஏறத்தாழ 79,150 ஆகவும் கைக்கு வருவது சுமார் 73,700 ஆகவும் அமைகின்றன. ஒன்றரை லட்சம் குறைவான கடிதம் மாதந்தோறும் ஏழாயிரத்துக்கும் மேல் கூடுதலாகத் தருகிறது. 2025–26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் 12.75 லட்சம் வரையிலான சம்பளத்துக்கு வருமான வரி இல்லையாதலால், இந்த எடுத்துக்காட்டில் வரி குறுக்கிடவில்லை.

இதனால் இரண்டாம் கடிதமே சிறந்தது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. போனஸ் வரும் முதலாண்டில், மாறுபடும் ஊதியமும் முழுதாகக் கிடைத்தால், முதல் கடிதமே முந்தும். போனஸ் நின்றுபோகும் இரண்டாம் ஆண்டில் போட்டி மாறுபடும் ஊதியத்தைச் சார்கிறது: அதில் ஏறத்தாழ 69 விழுக்காடாவது கிடைத்தால்தான் முதல் கடிதம் இரண்டாவதை எட்டும், நிறுவனத்தின் வைப்பு நிதிப் பங்கையும் சேர்த்து எண்ணினால் அந்த எல்லை 61 விழுக்காட்டளவுக்கு இறங்கும். ஆகவே, ‘கடந்த மூன்றாண்டுகளில் இந்த நிலைப் பணியாளர்களுக்கு மாறுபடும் ஊதியம் எத்தனை விழுக்காடு வழங்கப்பட்டது?’ என்ற ஒரு கேள்வியின் விடையில் ஒன்றரை லட்சத்தின் உண்மையான மதிப்பு அடங்கியிருக்கிறது. மனிதவளத் துறை இதற்கு எண்ணால் விடை தராதபோது, அங்கே பணிபுரியும் பழைய மாணவர்களும் முன்னாள் சகபணியாளர்களும் பெரும்பாலும் தருகின்றனர்.

தொடக்கம் ஏன் தொடர்கிறது

தொடக்க ஊதியத்தின் முக்கியத்துவம் அது முதல் மாதச் சம்பளம் என்பதனால் வருவதன்று; பின்வரும் உயர்வுகள் அனைத்தும் அதன் விழுக்காடாகவே கணக்கிடப்படுகின்றன என்பதனால் வருவது. 6 லட்சத்தில் சேர்ந்த ஒருவரும் 6.6 லட்சத்தில் சேர்ந்த மற்றொருவரும் ஆண்டுதோறும் ஒரே 8 விழுக்காட்டு உயர்வைப் பெற்றுவந்தால், முதலாண்டில் 60,000 ரூபாயாக இருந்த வேறுபாடு பத்தாண்டுகளில் மொத்தம் 8.69 லட்சமாகக் குவிகிறது. வேலை மாறும்போதும் இந்தச் சங்கிலி அறுவதில்லை. புதிய நிறுவனம் தற்போதைய சி.டி.சி.யைக் கேட்டு, அதன்மேல் இத்தனை விழுக்காடு ‘ஹைக்’ என்று பேசுவதே இந்தியாவில் வழக்கம். பணியின் மதிப்பு இன்னது என்ற கேள்வி எழுவதற்கு முன்பே, பணியாளரின் பழைய விலை மேசைக்கு வந்துவிடுகிறது.

பழைய ஊதியத்தைக் கேட்பது பழைய அநீதியைப் புதிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் என்ற வாதத்தை ஏற்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் வேலை வழங்க முன்வருமுன் அதைக் கேட்பதைத் தடைசெய்யும் சட்டத்தை 2016-இல் இயற்றி 2018-இல் நடைமுறைப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு ஊதிய வெளிப்படைத்தன்மை ஆணை, பழைய ஊதியத்தைக் கேட்பதைத் தடுப்பதோடு, தொடக்க ஊதியத்தையோ அதன் வரம்பையோ விண்ணப்பதாரருக்கு முன்கூட்டியே தெரிவிக்கவும் கட்டளையிடுகிறது. இந்தியாவில் இத்தகைய தடை இல்லை. சம்பளச் சீட்டுகள், படிவம் 16, வைப்பு நிதிக் கணக்கின் பொது எண் ஆகியவற்றின் வழியாகப் பழைய ஊதியத்தையும் பணிவரலாற்றையும் சரிபார்க்க நிறுவனங்களால் முடிவதால், தொகையை உயர்த்திச் சொல்வது நேர்மைக் குறைவு என்பதோடு ஆபத்தான உத்தியுமாகும். கேள்வியைத் தவிர்க்க இயலாதவர், பழைய தொகையை உள்ளபடி சொல்லி, புதிய பணியின் பொறுப்பும் அதற்குச் சந்தையில் நிலவும் ஊதியமும் வேறு என்று சான்றுகளோடு பிரித்துக்காட்டுவதே தகும்.

முதல் எண்

உரையாடலில் முதலில் சொல்லப்படும் எண்ணுக்கு ஓர் ஈர்ப்பு உண்டு. ஏமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானிமன் என்ற உளவியலாளர்கள் 1974-இல் வெளியிட்ட கட்டுரையில், சுழலும் சக்கரம் ஒன்று 10 என்றோ 65 என்றோ காட்டிய பிறகு, ஐக்கிய நாடுகள் அவையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு என்று கேட்டபோது, 10-ஐக் கண்டவர்களின் இடைநிலை விடை 25 ஆகவும் 65-ஐக் கண்டவர்களுடையது 45 ஆகவும் இருந்ததைக் காட்டினர். கேள்வியோடு தொடர்பேயில்லாத எண்கூட மதிப்பீட்டைத் தன் பக்கம் இழுக்கும் இவ்விளைவை நங்கூர விளைவு என்பர். ‘உங்க எக்ஸ்பெக்டேஷன் என்ன?’ என்று மனிதவளத் துறை கேட்கும்போது, சந்தை நிலவரம் அறியாதவர் தாழ்வான எண்ணைச் சொல்லித் தம் பேரத்தைத் தாமே கீழே நங்கூரமிட்டுவிடுகிறார். நிலவரம் அறிந்தவருக்கு முதலில் பேசுவது நன்மை தரலாம். அறியாதவர், அப்பணிக்கு ஒதுக்கப்பட்ட வரம்பைத் தெரிந்துகொண்டு சொல்வதாகக் கூறி, எதிர்ப்புறத்தை முதலில் பேசவைப்பது நல்லது.

எண்ணுக்குப் பின்னே நிற்கும் வலிமை வேறோரிடத்திலிருந்து வருகிறது. ரோஜர் ஃபிஷர், வில்லியம் யூரி ஆகியோர் 1981-இல் வெளியிட்ட ‘கெட்டிங் டு யெஸ்’ என்ற நூலில், பேசுபவரின் ஆற்றல் பேரம் முறிந்தால் அவருக்கு எஞ்சும் சிறந்த மாற்று வழியைப் பொறுத்தது என்றனர். கையில் இன்னொரு பணிவாய்ப்பு உடையவர், அல்லது இருக்கும் வேலையில் நிறைவோடு தொடரக்கூடியவர், மறுப்பைத் தாங்குவார். சேமிப்பு கரைந்த நிலையில் இருப்பவரால் அது இயலாது. இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையில் பரவலாக உள்ள 90 நாள் நோட்டீஸ் காலம், இந்த மாற்று வழிகளைத் தேட விலகுபவருக்கு அவகாசம் தருகிறது. உடனே ஆள் வேண்டும் நிறுவனங்களின் கதவுகளை அதே காலம் அடைக்கவும் செய்கிறது.

வளாக நேர்முகத் தேர்வில் பெருந்திரளாக எடுக்கப்படும் புதிய பட்டதாரிகளுக்கு இத்தகைய பேரம் அநேகமாக இல்லை. அவர்களுக்கான தொகை முன்னரே நிர்ணயிக்கப்பட்டது. எனினும் பல பெருநிறுவனங்கள் ஒரே ஆண்டில் இரண்டு மூன்று ஊதியப் படிநிலைகளில் ஆளெடுப்பதாலும், எந்தப் படிநிலை என்பதை நிரலாக்கத் தேர்வு தீர்மானிப்பதாலும், புதியவரின் பேரம் கடிதம் வருமுன், அத்தேர்வுக்கான தயாரிப்பிலேயே நடந்துமுடிகிறது.

கேட்பதற்கு உள்ள விலை

‘கேட்டால்தான் கிடைக்கும்’ என்ற அறிவுரை எல்லோருக்கும் ஒரே விளைவைத் தருவதில்லை. லிண்டா பாப்காக், சாரா லாஷெவர் ஆகியோரின் 2003-ஆம் ஆண்டு நூல், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முதுநிலை முடித்தவர்களுள் ஆண்களில் 57 விழுக்காட்டினர் முதல் தொகையை ஏற்காமல் கூடுதலாகக் கேட்டதையும், பெண்களில் 7 விழுக்காட்டினரே அவ்வாறு கேட்டதையும், ஆண்களின் தொடக்க ஊதியம் 7.6 விழுக்காடு உயர்ந்திருந்ததையும் பதிவுசெய்தது. பெண்கள் தயங்குவதே குறை என்று அதை எளிதாக வாசித்துவிட முடியாது என்பதை, ஹன்னா ரைலி பௌல்ஸ், பாப்காக், லெய் லாய் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது: கூடுதலாகக் கேட்ட பெண்களோடு பணிபுரிய மதிப்பீட்டாளர்கள், கேட்ட ஆண்களைவிட அதிகமாகத் தயங்கினர். தயக்கத்துக்குப் பின்னே ஒரு சரியான கணிப்பு இருந்தது என்பதே இதன் பொருள். ஊதிய வரம்பை முன்கூட்டியே வெளியிடுவது, கேட்கும் துணிவு என்ற சுமையைத் தனியொருவரின் தோளிலிருந்து ஓரளவு இறக்கிவைக்கிறது.

கையெழுத்துக்கு முன்

தொகை முடிவான பின்னும் கடிதத்தின் கடைசிப் பக்கங்கள் எஞ்சியிருக்கின்றன. ஓராண்டுக்குள் விலகினால் ஜாயினிங் போனஸைத் திருப்பித்தர வேண்டும் என்ற விதி பரவலானது. வரி பிடிக்கும் முன்பான முழுத்தொகையையும் கோரும் ஒப்பந்தங்கள் இருப்பதால், அச்சொற்களைப் படித்தறிய வேண்டும். பங்கு விருப்புரிமை வழங்கப்பட்டால், அது எத்தனை ஆண்டுகளில் உரிமையாகிறது என்பதையும், பங்கை வாங்கும் நாளில் சந்தை மதிப்புக்கும் வாங்கும் விலைக்கும் உள்ள வேறுபாடு சம்பள வருமானமாகவே வரிக்குட்படும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்; பட்டியலிடப்படாத நிறுவனத்தின் பங்கை விற்றுப் பணமாக்குமுன்பே வரி வந்து நிற்கலாம்.

‘பாண்ட்’ எனப்படும் பணிக்கால உறுதி செல்லாது என்ற நம்பிக்கையும் முழு உண்மையன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாததாக்குகிறது. விலகிய பின் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற தடை இதன்கீழ் பொதுவாக நிற்பதில்லை. ஆனால், மூன்றாண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பணிக்காலத்துக்குள் அடங்கும் கட்டுப்பாட்டையும் விலகிய பின் தொடரும் தடையையும் நீதிமன்றம் வேறுவேறாகவே கருதுகிறது.

இவ்வளவும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும் நடைமுறை முடிவு. ஆறு மாதத்தில் உயர்வு உண்டு, மாறுபடும் ஊதியம் முழுதாக வரும் என்று வாய்மொழியாகத் தரப்படும் உறுதிகளை நிறுவனம் எழுதித்தர மறுத்தால், அந்த மறுப்பையே அவற்றின் மதிப்பாகக் கொண்டு, கணக்கில் அவற்றுக்குப் பூஜ்யம் இடுவதே முறை. அவ்வாறு உறுதியற்றவற்றை நீக்கி எஞ்சும் தொகையை இன்னொரு நிறுவனத்தின் எஞ்சிய தொகையோடு ஒப்பிடுபவரிடம், கேட்க வேண்டிய எண்ணும் ஏற்கக்கூடாத எண்ணும் ஏற்கெனவே இருக்கின்றன. சேர்ந்த பின் ஆண்டுதோறும் நடக்கும் மதிப்பீட்டு முறை இந்த எண்களை எவ்வாறு மாற்றுகிறது என்பதை அடுத்த இதழில் காண்போம்.

(தொடரும்)