ஸ்பானிய மொழியில் ‘நேரம் இருந்தால்’



“நாளைக்கு மழை பெய்தால் வேலை இல்லை” என்கிறோம். மழை இனிமேல்தான் பெய்யவேண்டும். ஆனாலும் ‘பெய்தால்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். ‘பெய்தது’ என்பதிலுள்ள இறந்தகாலத் தகரமே அதிலும் இருக்கிறது. வரப்போவதைச் சொல்ல நடந்து முடிந்ததன் உருவை எடுத்துக்கொள்கிறோம். யாரும் அதை விந்தையாக எண்ணுவதில்லை. ஸ்பெயினிலும் மெக்சிகோ, கொலம்பியா, பெரு முதலிய நாடுகளிலும் பேசப்படும் ஸ்பானிய மொழி, இதே இடத்தில் நிகழ்காலத்தை வைக்கிறது.

நம்முடைய ‘ஆல்’ சொல்லின் வாலில் ஒட்டும். அவர்களுடைய ‘சி’ முன்னால் தனியே நிற்கும். ‘சி தெங்கோ தியெம்போ, இரே.’ தெங்கோ என்றால் ‘எனக்கு இருக்கிறது’, தியெம்போ, நேரம், இரே, போவேன். நேரம் இருந்தால் வருவேன் என்பது கருத்து. (நாம் ‘வருவேன்’ என்னுமிடத்தில் அவர்கள் ‘போவேன்’ என்பார்கள்.) நாளைய செய்தியாயிற்றே என்று புதிதாகப் படிப்பவர் ‘சி தெந்த்ரே’ என எதிர்காலத்தைப் போட்டுவிடுவார். அது பிழை. எதிர்காலத்துக்கு இடம் மறுபாதியில்தான்.

இனி இதைக் கேளுங்கள்: ‘சி துபியெரா தியெம்போ, இரியா.’ நேரம் மட்டும் இருக்குமானால் வருவேன், ஆனால் எங்கே இருக்கிறது என்ற தொனி இது. ஸ்பெயினில் ஒரு கிராமத்துத் தாய், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவாயா என்று மகனைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். அவன் ‘தெங்கோ’ என்றால் இன்னொரு தட்டை எடுத்து வைப்பாள். ‘துபியெரா’ என்றால் வைக்கமாட்டாள். வரமாட்டேன் என்று அவன் வாய் திறந்து சொல்லவில்லை, வினைச்சொல் சொல்லிவிட்டது. இந்த வேறுபாடு தெரியாதவர் வாசலைப் பார்த்துக் காத்திருக்கவேண்டியதுதான்.

ஸ்பெயினின் கிறிஸ்துமஸ் லாட்டரி 1812-இல் காதிஸ் நகரில் தொடங்கியது. இப்போது டிசம்பர் 22-ஆம் தேதி பள்ளிப் பிள்ளைகள் எண்களைப் பாடி அறிவிக்கிறார்கள். ‘சி மே தோக்கா லா லொத்தெரியா, கொம்ப்ராரே உனா காசா’, அதாவது லாட்டரி என்னைத் தொட்டால் வீடு வாங்குவேன். நமக்குப் பரிசு விழும், அங்கே தொடும்! ‘தோக்கா’ என்பவர் கையில் சீட்டு இருக்கிறது போலும். ‘தோக்காரா’ என்றும் ‘கொம்ப்ராரியா’ என்றும் சொல்பவர் பெரும்பாலும் கனவு காண்கிறார்.

‘நேரம் கிடைக்கும்போது’ என்பதற்கு விதி வேறு: ‘குவாந்தோ தெங்கா தியெம்போ, இரே.’ தெங்கோ இங்கே தெங்கா ஆகிறது. நம் தேங்காயை நினைத்துக்கொண்டால் மறக்காது. ஆனால் இந்தத் தெங்காவைச் ‘சி’யோடு சேர்க்கக்கூடாது.

எழுதும்போது இன்னொன்று. ‘சி’யில் வரும் உயிரெழுத்தின் தலையில் ஒரு சிறு கோடு இட்டால் அது ‘ஆம்’ என்று பொருள்படும். ‘இருந்தால்’ என்ற சொல்லுக்குக் கோடு கிடையாது.