நாலு அவுன்ஸ் குண்டும் கட்டுத்துவக்கும்

யானைக்கு எந்தத் தோட்டா என்ற கேள்வி ஒரு காலத்தில் இலங்கையில் மிகுந்த கவனத்தோடு கேட்கப்பட்டது. 1840இல், இருபது வயது நிரம்பாத சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் நகரத்தில் துவக்குச் செய்த கிப்ஸ் என்பவரிடம் தன் மனத்தில் இருந்தபடி ஒரு ரைபிள் செய்வித்தார். எடை 21 இறாத்தல். குழல் மூன்றடி. ஒரு வெடிக்கு ஓர் அவுன்ஸ் கருமருந்து. உருண்டைக் குண்டானால் 3 அவுன்ஸ், கூம்புக் குண்டானால் 4. பின்னாளில் நுவரெலியாவில் குடியேறிய அவர், மலையிலிருந்து இறங்கி மட்டக்களப்புக்கு மேற்கே கிடந்த காடுகளில் யானை சுட்டார். இன்றைய அம்பாறை அன்று தனி மாவட்டம் அல்ல. 1961 வரை எல்லாமே மட்டக்களப்புதான்.

அவ்வளவு பெரிய குண்டு எதற்கு? கருமருந்தால் குண்டின் வேகத்தை ஓரளவுக்கு மேல் கூட்ட முடியாது. எடையைத்தான் கூட்டலாம். யானையின் மண்டையோடு கெட்டிக் கல்லுப்போல இருப்பதில்லை. உள்ளே காற்றறைகள் நிறைந்த தடித்த எலும்பு. மூளை அதற்குப் பின்னால் ஆழத்தில் இருக்கிறது. வெறும் ஈயக் குண்டு பட்டதும் சப்பளிந்து பாதியில் நின்றுவிடும். அதனால் ஈயத்தில் வேறு உலோகம் கலந்து இறுக்கினார்கள். குழலின் அளவைச் சொல்லும் 'போர்' (bore) என்ற கணக்கும் எடைக் கணக்குத்தான். ஓர் இறாத்தல் ஈயத்தில் நாலு உருண்டை வார்த்தால், ஓர் உருண்டை போகும் குழல் நாலு போர். பன்னிரண்டு வார்த்தால் பன்னிரண்டு போர்.

புகையற்ற மருந்து வந்ததும் கணக்கே மாறியது. 1898இல் லண்டன் ரிக்பி நிறுவனம் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவை வெளியிட்டது. 1911இல் அதே நிறுவனத்தின் .416 வந்தது. அடுத்த ஆண்டு ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் .375 மேக்னம். .375இன் 300 கிரெய்ன் குண்டு 20 கிராமுக்குள்தான். பேக்கரின் கூம்புக் குண்டோ 113 கிராம். ஆனால் ஒடுங்கி நீண்டு, கடின உலோக உறை போட்ட அந்தச் சிறிய குண்டு வினாடிக்கு 750 மீட்டருக்கு மேல் பாய்ந்து எலும்பைத் துளைத்து நேராகப் போகும். ஸ்கொட்லாந்துக்காரர் பெல், 7 மில்லிமீட்டர் ரைபிளால் ஆபிரிக்காவில் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தினார். மூளை எங்கே இருக்கிறது என்று எல்லாக் கோணத்திலும் அவருக்குத் தெரிந்திருந்தது. மற்றவர்களுக்கு அந்தக் கைத்திறன் இராது என்பதால், ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் இன்றும் .375க்குக் குறைந்த துவக்கோடு யானைக்கு எதிரே போகச் சட்டம் விடாது.

அந்த வேட்டைக்காரர்களை நான் புகழவில்லை. இலங்கையில் மேஜர் ரொஜர்ஸ் ஒருவர் கையால் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகள் செத்தன. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குத் தலைக்கு இவ்வளவென்று அரசாங்கம் சன்மானம் கொடுத்ததாக அன்றைய ஆங்கில அதிகாரி டெனன்ட் எழுதியிருக்கிறார். அது அழிப்பு. ஆனால் ஒரே வெடியில் உயிர் போகவேண்டும் என்ற கணக்கு அந்த அழிப்புக்குள்ளும் இருந்தது.

நம் கரைக்கு வருவோம். கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில். கிழக்கே கடல், மேற்கே வட்டை, அதற்கும் அப்பால் காடு. இங்கே யானையைச் சுடும் ரைபிள் யாருடைய வீட்டிலும் தொங்கவில்லை. யானையைப் பிடித்தவர்கள் இருந்தார்கள். ஏறாவூர்ப் பணிக்கர்மார் தோல்வாரில் சுருக்குப் போட்டு உயிரோடு பிடித்த முஸ்லிம்கள். போடியார் வீட்டிலும் வயற்காரன் பரணிலும் இருந்தது இடியன் துவக்கு. வாய்வழியாக மருந்திட்டு, தும்பு அடைத்து, ஈயத்தைப் போட்டு இடிப்பது. பிறகு பன்னிரண்டு போர் வந்தது. பறவைக்குச் சிறு சன்னம், மான் மரைக்கு எஸ்.ஜீ. என்ற பெரிய சன்னம் என்று தோட்டா தெரிவு செய்தார்கள்.

அந்தத் தெரிவுக்குள் மார்க்கமும் இருந்தது. நம்மூரார் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், வெடி பட்டதாலேயே உயிர் போன பிராணி உணவுக்கு ஆகாது. உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லாஹ் சொல்லி அறுக்கவேண்டும். ஆகவே விழுத்தவேண்டும், ஆனால் கத்தி போய்ச் சேரும்வரை உயிர் நிற்கவேண்டும். எவ்வளவு தூரத்தில் வெடி வைப்பது, எங்கே வைப்பது, கத்தியோடு யார் ஓடுவது என்பதெல்லாம் இதிலிருந்து வந்த முடிவுகள். வெள்ளைக்காரனின் புத்தகத்தில் இந்தக் கணக்கு இல்லை.

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. காடு வெட்டப்பட்டது, சேனநாயக்க சமுத்திரம் நிறைந்தது, வயல் பெருகியது. 1954இல் நீரேந்து காட்டைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதற்கு முன்பே, 1937இல், வனவிலங்குக்கும் தாவரத்துக்கும் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. யானையின் வழித்தடமோ சட்டத்தைப் பார்த்து மாறவில்லை. உள்நாட்டுப் போர்க்காலத்தில் துவக்கு வைத்திருப்பதே ஆபத்தாயிற்று. வேட்டை அறிந்த தலைமுறை வேட்டையை விட்டது. அறிவும் அவர்களோடு போனது.

இன்று கதிர் முற்றும் காலத்தில் இரவு யானை வந்தால் என்ன நடக்கிறது? வனஜீவராசிகள் திணைக்களம் கொடுக்கும் யானை வெடியைக் கொளுத்துவார்கள். அது தீர்ந்தால் சிலர் பன்னிரண்டு போரில் கையிலிருக்கும் தோட்டாவைப் போட்டு இருட்டில் வெடி வைப்பார்கள். எஸ்.ஜீ. சன்னம் ஒன்று மூன்றரைக் கிராம் ஈயம். யானைத் தோலுக்குள் புகும், கொல்லாது. சீழ் பிடித்துக் கிழமைக்கணக்கில் நொண்டித் திரியும் யானை மனிதனைக் கண்டால் விலகிப் போவதில்லை, பாய்கிறது. நாளைக்கு அதன் எதிரே அகப்படுபவர் சுட்டவராக இருக்கமாட்டார், விடியலில் சைக்கிளில் வயலுக்குப் போகும் ஒரு வாப்பாவாக இருப்பார்.

இதைவிடக் கேடு கட்டுத்துவக்கு. தண்ணீர்க் குழாய்த் துண்டில் மருந்தையும் இரும்புத் துண்டையும் திணித்து, நூலைத் தடத்துக்குக் குறுக்கே கட்டிவிட்டு ஆள் வீட்டுக்குப் போய்விடுகிறான். பன்றிக்கு வைத்தது யானையின் காலிலும் படும், விறகுக்குப் போனவரின் முழங்காலுக்குக் கீழேயும் படும். 'ஹக்க பட்டாஸ்' என்ற வாய்வெடியைப் பழத்துக்குள் வைத்தால், கடித்த குட்டியின் தாடை சிதறி, அது தின்ன முடியாமல் பட்டினியில் சாகும். பேக்கராவது எதிரே நின்று பார்த்துச் சுட்டார். இங்கே எந்தப் பிராணிக்கு எந்தக் குண்டு என்ற கேள்வியே இல்லை.

2023இல் நாடு முழுவதும் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும், யானையால் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதரும் இறந்தார்கள். நம் பக்கத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்றும் யானைகள் செத்தன. குப்பையைத் திறந்த வெளியில் கொட்டி யானையை ஊருக்குப் பழக்கியதும் நாம்தான்.

பெரிய துவக்கு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: .375ஐக் கையில் தந்தாலும் இருட்டில் பரணிலிருந்து மூளையைத் தேடமுடியாது. பிரிதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020இல் தயாரித்த தேசியச் செயற்திட்டம், வேலியைக் காட்டுக்குள் போடாமல் ஊரையும் வயலையும் சுற்றிப் போடச் சொல்கிறது. வயலைச் சுற்றுவது, போகத்துக்குக் கட்டி அறுவடைக்குப் பின் கழற்றும் மின்வேலி, விவசாயிகளே பராமரிப்பது. வட்டை விதானைமாரும் விவசாய அமைப்புகளும் அடுத்த பெரும்போகக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசவேண்டும். அதுவரை, உங்கள் வரம்பில் கட்டுத்துவக்கு இருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள்.