எடைக்குக் கணக்கு உண்டு, வளர்ச்சிக்கு?

மட்டாஞ்சேரி (கொச்சி): மிளகும் சுக்கும் மணக்கும் பழைய கிடங்குகளுக்குப் பின்னால் நெருங்கிக் கிடக்கும் சந்துகளில் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் எனப் பல மொழிகள் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கின்றன. இத்தகைய பகுதியில் இரண்டு வயதுக் குழந்தை பேசத் தாமதித்தால், காரணம் வீட்டில் புழங்கும் இரு மொழிகளா, செவித்திறன் குறைவா, வளர்ச்சிக் குறைபாடா என்பதை முதலில் யார் கவனிப்பது? மருத்துவமனைக்கு முன்பாக அக்குழந்தையைப் பார்ப்பவர் அங்கன்வாடிப் பணியாளர். கேரளத்துத் தாய்மார்கள் அவரை 'டீச்சர்' என்றே அழைக்கின்றனர்.

அந்த டீச்சரின் கையில் என்ன கருவி இருக்க முடியும் என்ற கேள்விக்கு இதே மாநிலத்தில் விடை தேடியவர் குழந்தை மருத்துவப் பேராசிரியர் எம்.கே.சி. நாயர். திருவனந்தபுரத்தில் குழந்தை வளர்ச்சி மையத்தை உருவாக்கியவர். 2014 முதல் 2019 வரை கேரள சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். பதவிகளைவிட அவரது பெயரை நிலைநிறுத்தியது ஒற்றைத் தாளில் அடங்கிய ஓர் அட்டவணை. 1991-ஆம் ஆண்டு அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட 'திருவனந்தபுரம் வளர்ச்சிப் பரிசோதனை அட்டவணை' அது.

பிறப்பு முதல் இரண்டு வயது வரையிலான குழந்தையிடம் எதிர்பார்க்கப்படும் 17 செயல்கள் அதில் உள்ளன. தாயைப் பார்த்துச் சிரித்தல், தலை நிற்றல், குப்புற விழுதல், நடத்தல், பின்னோக்கி நடத்தல், இரண்டு சொற்கள் பேசுதல் என்று அவை வளர்கின்றன. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். அதன் இடப்புறம் முடிந்துவிட்ட செயல்களில் ஒன்றைக் குழந்தை செய்யவில்லையெனில் மேற்பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். தேவைப்படும் உபகரணம் ஒரு பேனாவும் ஒரு சாவிக்கொத்தும். நேரம் சில நிமிடங்கள். பெரும்பாலான செயல்களுக்கு மொழி வேண்டியதில்லை என்பதால் மட்டாஞ்சேரி போன்ற ஊருக்கு இது மிகவும் பொருந்தும்.

இந்த அட்டவணையின் குறையை அவர்களே மறைக்காமல் எழுதினர். விரிவான பரிசோதனையுடன் ஒப்பிட்டபோது, தாமதமுள்ள குழந்தைகளில் 66.7 சதவீதத்தினரையே இது கண்டறிந்தது. அதாவது மூவரில் ஒருவர் தப்பிவிடுகிறார். தன் கருவியின் தோல்வியை எண்ணிச் சொல்லும் இந்தப் பழக்கம் தில்லியில் அமைச்சகங்களின் பதில்களைப் படிப்பவர்களுக்கு அவ்வளவாகப் பழக்கமானதன்று.

நாடாளுமன்றத்தில் அங்கன்வாடி பற்றிய வினா வந்தால் அவையில் வைக்கப்படும் இணைப்பில் அனுமதிக்கப்பட்ட மையங்கள், செயல்படும் மையங்கள், ஒதுக்கிய தொகை, செலவிட்ட தொகை ஆகியவை மாநிலவாரியாக இருக்கும். பிள்ளைகள் என்ன கற்றனர் என்பதற்குப் பத்தி இராது. உறுப்பினர்களும் அதைக் கேட்பது அரிது. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் பெயரிலேயே 'வளர்ச்சி' இருந்தது. ஆனால் எடையும் உணவுமே அதன் அளவுகோலாயின. தனியாக ஒரு சுதந்திர மதிப்பீட்டு அலுவலகம் 2013-இல் செயல்படத் தொடங்கி, 2014-இலேயே மூடப்பட்டது.

உணவு, எடை விஷயத்திலும் கேரளம் நிம்மதியாக இருக்க இயலாது. வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2015-16 தேசியக் குடும்ப நல ஆய்வில் 19.7 சதவீதம், 2019-21 ஆய்வில் 23.4 சதவீதம். தமிழகத்தில் இது 27.1-லிருந்து 25 சதவீதமாகக் குறைந்தது.

தமிழகத்தில் நடந்த ஓர் ஆய்வு தில்லியின் கவனத்துக்கு உரியது. கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்திப் பார்த்தனர். புதியவர் பாடம் நடத்த, பழையவருக்குச் சத்துணவு, சுகாதாரப் பணிகளுக்கு நேரம் கிடைத்தது. கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதங்களில் கணிதம், மொழி இரண்டிலும் மதிப்பெண்கள் தெளிவாக உயர்ந்தன. கடுமையான ஊட்டக்குறைவும் குறைந்தது. சேர்த்தது கட்டடமோ கணினியோ அல்ல, ஒரு ஆள். 2024-இல் வெளியான அந்த ஆய்வு, பலன் செலவைப் போல் பல மடங்கு என்று மதிப்பிடுகிறது.

மத்திய அரசு 2021-இல் 'போஷன் டிராக்கர்' செயலியைக் கொண்டுவந்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மனவளர்ச்சியைத் தூண்டுவதற்கான 'நவசேதனா' வழிகாட்டுநெறியை 2024 மார்ச்சில் வெளியிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் செயலியில் பதிவதும், வீடு வீடாகச் செல்வதும், உணவு வழங்குவதும், பாடம் நடத்துவதும் ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் என்ற அதே விதிமுறைக்குள்தான் நடக்க வேண்டும். பணியாளருக்கு 2018-இல் மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் ரூ.4,500, அதற்கு மேல் தருவது மாநிலங்களின் விருப்பம்.

அட்டவணையின் இடப்புறம் முடிந்த ஒரு செயலைச் செய்யாத குழந்தையை மட்டாஞ்சேரியில் டீச்சர் அடையாளம் கண்டாலும், உறுதிப்படுத்தவும் பயிற்சி அளிக்கவும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் வரை தாய் அக்குழந்தையைத் தூக்கிச் செல்ல வேண்டும். ஒரு நாள் கூலி போகும். எத்தனை தாய்மார்கள் அங்கு சென்று சேர்ந்தனர் என்பதை அடுத்த கூட்டத்தொடரில் ஓர் உறுப்பினரேனும் வினாவாக எழுப்பலாம்.