தலைக்கு மேலா, தரைக்குக் கீழா?

திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்தில் நான் குடியிருக்கும் தெருவில் மழைக்காலத்தில் தென்னை மட்டை விழுந்தால் விளக்கு அணைந்துவிடும். “இந்தக் கம்பிகளை மண்ணில் புதைத்துவிட்டால் என்ன?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான், விடை அவ்வளவு எளிதன்று.

கம்பத்தின்மேல் செல்லும் கம்பிக்குப் பொதுவாகப் போர்வை கிடையாது. சுற்றியுள்ள காற்றே அதற்குக் காப்பு. அதன் சூட்டைத் தணிப்பதும் காற்றே. இரண்டும் இனாம்! மண்ணுக்குள் இறங்கினாலோ இரண்டுக்கும் விலை கொடுக்க வேண்டும். ஈரமண் மின்சாரத்தைக் கடத்துமாதலால் தடித்த பிளாஸ்டிக் உறை வேண்டும். அடிபடாதிருக்க எஃகுக் கவசம் வேண்டும். சூடு எளிதில் வெளியேறாதாகையால் கம்பியும் பருமனாக வேண்டும். செலவு பன்மடங்காவது இதனால்தான்.

பழுது பார்ப்பதும் வேறு வகை. அறுந்த கம்பி கண்ணுக்குத் தெரியும். புதைந்த கேபிளின் பழுது தெரியாது. எனவே ஒரு முனையில் மின்துடிப்பைச் செலுத்துகிறார்கள். பழுதுள்ள இடத்தில் பட்டு அது எதிரொலிபோல் திரும்புகிறது. போய்வந்த நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடலாம். பிறகு தோண்ட வேண்டும். தண்ணீர்க் குழாயை உடைக்காமல் தோண்டுவது தனிக் கலை!

ஆயினும், பணக்கணக்கு மட்டும் பார்க்க மனம் ஒப்பவில்லை. 2025 ஜூலையில், கொல்லம் மாவட்டம் தேவலக்கரையில், பள்ளிக் கொட்டகையின் கூரையில் விழுந்த செருப்பை எடுக்க ஏறிய மாணவன் ஒருவன், தாழ்வாகச் சென்ற மின்கம்பி பட்டு மாண்டான். அந்த உயிரை எந்தக் கணக்கில் எழுதுவது?

திருவனந்தபுரத்துக்கு மின்விளக்கு வந்தது 1929இல். அதற்கும் முன்பே அமைந்துவிட்ட கோட்டைப்புறத்துக் குறுகிய தெருக்களில் முழுதும் தோண்டுவது கடினம். அங்கே, உறையிட்ட கம்பிகளை ஒன்றாக முறுக்கிக் கம்பத்திலேயே கட்டும் முறை போதும் என்பது என் கருத்து. மட்டை உரசினாலும் அது எளிதில் அணையாது. கைபட்டால் நேரும் ஆபத்தும் பெரிதும் குறைவு.

புதிதாக எழும் குடியிருப்புகளின் நிலை வேறு. அங்கே வீடும் இல்லை, சாலையும் இல்லை. கேபிள் விலை குறையாதெனினும், சாலையை வெட்டி மூடும் செலவு மிச்சம். தார் போடுமுன் பள்ளம் வெட்டி, குடிநீர்க் குழாயிலிருந்து போதிய இடைவெளி விட்டுக் கேபிளை இறக்கலாம். அதோடு வெறுங்குழாய் ஒன்றையும் புதைத்து வைத்தால், நாளை புதுக் கேபிள் தேவைப்படும்போது, அக்குழாய் வழியே இழுத்துக்கொள்ளலாம். தெருவை மறுபடி வெட்ட வேண்டியதில்லை.