படியேறினால் உடல் ஏன் பிடித்துப்போகிறது?

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள். டிசம்பர் 31 அன்று நடக்கும் படித்திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூசை செய்து, பாடிக்கொண்டே ஏறுவார்கள்.

படி ஒன்று 15 செ.மீ. உயரம் என்று கொண்டால், 60 கிலோ எடையுள்ளவர் ஏறி முடிக்கச் செலவிடுவது சுமார் 40 கலோரி. ஓர் இட்லிக்குக் கிட்டத்தட்ட சரி! தொப்பை அப்படியேதான் இருக்கும். ஆனாலும் தொடர்ந்து உடற்பயிற்சி செய்பவர்களுக்கு, எடை குறையாதபோதும் தம் உடல்மீது திருப்தி கூடுகிறது என்கின்றன ஆய்வுகள்.

எப்படி? நேற்று மூச்சு வாங்கிய இடத்தை இன்று நிற்காமல் கடக்கிறோம். ‘எப்படித் தெரிகிறது?’ என்று உடலை எடைபோட்ட மனம், ‘என்ன செய்கிறது?’ என்று பார்க்கத் தொடங்குகிறது.

நோக்கம் முக்கியம். அழகுக்காக மட்டுமே பயிற்சி செய்யும் பெண்களிடம் இந்தத் திருப்தி குறைவாகவே காணப்படுகிறது.

இந்த அழகுக் கவலையிலிருந்து ஆண்களும் தப்பவில்லை. ஆஸ்திரியா, பிரான்ஸ், அமெரிக்க இளைஞர்களிடம் ஹாரிசன் போப் குழுவினர் நடத்திய ஆய்வு 2000இல் வெளியானது. தங்களைவிடச் சராசரியாக 13 கிலோ கூடுதல் தசையுள்ள உடலே லட்சியம் என்றார்கள் அந்த இளைஞர்கள். பெண்கள் விரும்புவதும் அதையே என்று நம்பினார்கள். பெண்களைக் கேட்டபோது, அவர்கள் தேர்ந்தெடுத்தது சாதாரண ஆண் உடலை.