மங்குக்குப் போடும் களிம்பை எப்போது நிறுத்துவது?

கன்னத்திலும் மேலுதட்டுக்கு மேலும் பழுப்பாகப் படரும் மங்குக்கு, தோல் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே பலர் மெடிக்கலில் ஒரு ட்யூப் வாங்கிவிடுகிறார்கள். தெரிந்தவர் ஒருவருக்குக் கேட்டது என்ற பேச்சே அவர்களுக்கு மருந்துச் சீட்டு. சில வாரங்களில் முகம் தெளிந்துவிடுவதால், அந்தக் களிம்பை நிறுத்த மனம் வருவதில்லை. மங்குக்கு மருந்து போடுவதில் தவறே இல்லை. முடிவுத் தேதி இல்லாமல் போடுவதுதான் முகத்தைக் கெடுக்கிறது.

ட்யூபுக்குள் மூன்று மருந்துகள்

இந்தக் களிம்புகள் பலவற்றில் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், ஒரு ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும். முதலாவது, மெலனின் நிறமி உருவாவதைக் குறைக்கிறது. இரண்டாவது, தோலின் மேல் செல்கள் விரைவாக உதிர்ந்து தோல் புதுப்பிக்கப்பட உதவுகிறது. இவை இரண்டும் தரும் எரிச்சலை ஸ்டீராய்டு அடக்குகிறது. மூன்றும் சேர்ந்த இந்தக் களிம்பு நல்ல மருந்துதான். ஆனால் மங்கின் மேல் மட்டும், இரவில் மட்டும், பெரும்பாலும் எட்டு வாரம் போல, மருத்துவர் பார்வையில் போட வேண்டியது. முகம் முழுக்கப் பூசும் அழகு க்ரீம் அல்ல.

மாதக்கணக்கில் தொடர்ந்தால் ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கும். சிவந்த இரத்தநாளக் கோடுகள் தெரியும், பரு கிளம்பும், சிலருக்கு முகத்தில் முடி வளரும். நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும். அந்த எரிச்சல் தாங்காமல் மறுபடி அதே ட்யூபை எடுக்கிறார்கள். இதைத் தடுக்கத்தான் 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகள் அடங்கிய களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. கடையில் கேட்டதும் கொடுக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை என்பது வேதனை.

ஹைட்ரோகுயினோனை ஆண்டுக்கணக்கில் பூசினால் விளைவு நேர்மாறு. தோலில் நீலம் கலந்த கருமை படியும். அதைப் போக்குவது மங்கைவிடக் கடினம்.

சிறுநீரகம் வரை போகும் பாதரசம்

2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக நோயுடன் வந்தவர்களை விசாரித்த மருத்துவர்கள், அவர்களில் பலர் வெளுப்பாக்கும் க்ரீம் பூசியதைக் கண்டறிந்தார்கள். இத்தகைய க்ரீம்கள் பலவற்றில் கலக்கப்படும் பாதரசம் மெலனினைத் தடுக்கும். தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரக வடிகட்டிகளையும் தாக்கும். சிறுநீர் நுரைத்துப் போவதும் கால் வீங்குவதும் அதன் அறிகுறிகள். தயாரிப்பாளர் பெயரும் உட்பொருள் பட்டியலும் இல்லாத டப்பாவை, யார் கொடுத்தாலும் முகத்தில் வைக்காதீர்கள். பூசியவரின் கையிலிருந்தும் தலையணையிலிருந்தும் பாதரசம் குழந்தைக்கும் போகும்.

வெயிலைத் தடுக்காமல் எதுவும் கேட்காது

மங்குக்கு முதல் மருந்து சன்ஸ்க்ரீன்தான். புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும். அதனால் இரும்பு ஆக்ஸைடு சேர்ந்த, தோல் நிறம் கொண்ட சன்ஸ்க்ரீன் கூடுதல் பலன் தரும். எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாமல், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுத்துப் பூசுங்கள். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். குடை பிடிக்க வெட்கப்பட வேண்டியதில்லை.

கர்ப்பக் காலத்திலும் கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் ஹார்மோன் மாற்றத்தால் மங்கு வரலாம். கர்ப்பிணிகள் ட்ரெட்டினோயினையும் ஹைட்ரோகுயினோனையும் தவிர்க்க வேண்டும். தேவைப்பட்டால் மருத்துவர் அசிலாயிக் அமிலம் தருவார். பிரசவத்துக்குப் பின் பலருக்கு மங்கு தானாகவே குறையும்.

கழுத்துக் கருமை வேறு

பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்த கருமை இருந்தால் அது அழுக்கல்ல. நாரால் தேய்த்தால் இன்னும் கருக்கும். பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. வெளுப்பாக்கும் க்ரீமுக்குச் செலவழிக்கும் முன் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். விரல் மூட்டுகளில் வரும் கருமை, சிலருக்கு பி12 குறைவால் வரும்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசுகிறீர்களா?

அந்த ட்யூபையே கையில் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். எத்தனை மாதமாகப் பூசினீர்கள் என்பதைக் கூசாமல் சொல்லுங்கள். உடனே நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்பதை அவர் முடிவு செய்வார். எரிச்சலைத் தணிக்க வேறு மருந்து தருவார். சிவப்பு அடங்கச் சில மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை மங்குக்கான வேறு எந்தக் களிம்பையும் நீங்களாகத் தொடங்காதீர்கள்.